வயிற்றுப்பிழைப்பு



கவிதை வளர்க்கும் வட்டத்தின் நிறைவு விழாவில் குடலையும் இரைப்பையையும் பற்றிப் பேசுவது பொருந்துமா என்ற ஐயம் சிலருக்கு எழலாம். விழி, இதழ், தோள், நெஞ்சம் ஆகியவை பாட்டில் நெடுங்காலமாக இடம்பெற்ற உறுப்புகள். குடலுக்கு அந்த வரிசையில் இடம் கிடைத்ததில்லை. ஆயினும் தமிழர் நாள்தோறும் பேசும் பேச்சைக் கவனித்தால், நெஞ்சத்துக்குக் கொடுத்த இடத்தை வயிற்றுக்கும் அவர்கள் கொடுத்திருப்பது தெரியும்.

தொலைவிலுள்ள பிள்ளை நலம் என்ற செய்தி வந்தால், தாய் தன் வயிற்றில் பால் வார்த்தது போல் இருக்கிறது என்கிறாள். பிறர் வாழ்வைக் கண்டு பொறாதவனுக்கு வயிற்றெரிச்சல். அச்சம் வந்தால் வயிற்றைக் கலக்குகிறது. ஒருவனுடைய வேலையைப் பறித்தால் அவன் வயிற்றில் அடித்ததாக ஊர் சொல்கிறது. கருவைச் சுமக்கும் இடமும் சோற்றைச் சுமக்கும் இடமும் உடற்கூற்று நூலில் வெவ்வேறு உறுப்புகள். தமிழில் இரண்டும் வயிறே. கூலிக்குச் செய்யும் தொழிலுக்கு வயிற்றுப்பிழைப்பு என்று பெயர். உறுப்பும், உறுப்புக்கு உரிய ஆளும், ஆளின் வாழ்வும் இச்சொல்லில் பிரியாமல் நிற்கின்றன.

மருத்துவ நூல் இவற்றைப் பிரித்து வைக்கிறது. பிரித்துப் பார்த்தால்தான் அதற்குத் தெளிவு கிடைக்கும். அவ்வாறு பிரித்ததில் கிடைத்தது என்ன, விடுபட்டது என்ன என்பதை எடுத்துக்காட்ட ஒரு மனிதரின் வரலாறு இருக்கிறது. அவர் வயிற்றில் ஒரு துளை இருந்தது. அத்துளையோடு அவர் 58 ஆண்டுகள் வாழ்ந்தார். இரைப்பை எப்படி வேலை செய்கிறது என்பதை உலகம் பெரும்பாலும் அந்தத் துளையின் வழியாகவே கற்றது. அவர் கதைக்குள் போகுமுன், உணவு செல்லும் பாதையின் முற்பகுதியை ஒருமுறை பார்த்துவிடுவது நலம்.

ஒரு கவளம்

ஒரு கவளம் சோறு வாய்க்குள் செல்கிறது என்று கொள்க. பற்கள் அதை அரைக்கின்றன; நாக்கு புரட்டிக் கொடுக்கிறது. மூன்று இணைப் பெருஞ்சுரப்பிகள் உமிழ்நீரை ஊற்றுகின்றன. நாளொன்றுக்குச் சுரக்கும் உமிழ்நீர் 1 முதல் 1½ லிட்டர் வரை ஆகும். அதில் உள்ள அமிலேஸ் என்னும் நொதி சோற்றின் மாவுப்பொருளைச் சர்க்கரையாக உடைக்கத் தொடங்குகிறது. வெறுஞ்சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்பது இதனால்தான். செரிமானம் வயிற்றில் தொடங்குவதாகப் பலரும் எண்ணுவர். அது நாவிலேயே தொடங்கிவிடுகிறது.

தொண்டையில் மூச்சுவழியும் உணவுவழியும் குறுக்கிடுகின்றன. விழுங்கும் நொடியில் குரல்வளை மேலெழ, அதன் மூடி மூச்சுவழியை மறைத்துக்கொள்ள, கவளம் பின்புறமாக உணவுக்குழலில் இறங்குகிறது. விழுங்கும் வரையில்தான் மனிதனுக்கு அதிகாரம். அதற்குப் பிறகு கழிவு வெளியேறும் இடம் வரையில் நடக்கும் எதற்கும் அவனுடைய ஒப்புதல் தேவைப்படுவதில்லை. உணவுக்குழல் ஏறத்தாழ 25 செ.மீ. நீளமுடையது. அதன் தசைகள் கவளத்துக்கு மேலே சுருங்கியும் கீழே தளர்ந்தும் அலை அலையாக அதைத் தள்ளிச் செல்கின்றன. தலைகீழாக நின்று விழுங்கினாலும் கவளம் இரைப்பைக்கே போய்ச் சேரும்.

வயிறு என்றதும் கை தொப்புளைத் தொடுகிறது. அங்கே இருப்பது பெரும்பாலும் குடல். இரைப்பை அதற்கும் மேலே, இடப்பக்கத்து விலா எலும்புகளின் கீழே பாதி மறைந்து கிடக்கிறது. வெறுமையாக இருக்கும்போது மடிப்பு மடிப்பாகச் சுருங்கிக் கிடக்கும் அந்தப் பை, உணவு வந்தால் விரிந்து ஒரு லிட்டருக்கு மேலும் கொள்ளும். அதன் சுவரில் மூன்று அடுக்குத் தசைகள் மூன்று திசைகளில் ஓடுகின்றன. அவை பிசைகின்றன, கலக்குகின்றன. கூழான பகுதியைச் சிறிது சிறிதாகக் குடலுக்கு அனுப்புகின்றன. வயிறார உண்ட உணவு இரைப்பையை விட்டுப் போகச் சில மணி நேரம் ஆகிறது.

அங்கே உணவுக்கு நேர்வது என்ன என்பதே பல நூற்றாண்டுகள் நீடித்த வழக்கு. அது திரிகையைப் போல் அரைக்கிறது என்றனர் சிலர். பானையைப் போல் சூட்டில் வேகவைக்கிறது என்றனர் வேறு சிலர். மாவைப் போல் புளிக்கச் செய்கிறது என்றோரும் இருந்தனர். 1752-ல் பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர், துளையிட்ட உலோகக் குழாய்க்குள் இறைச்சியை வைத்து ஒரு பருந்தை விழுங்கச் செய்தார். குழாய்க்குள் இருக்கும் இறைச்சியை எந்தத் தசையும் அரைக்க இயலாது. ஆயினும் பருந்து குழாயைக் கக்கியபோது இறைச்சி கரைந்திருந்தது. இத்தாலியரான ஸ்பல்லன்சானி உணவைச் சிறு துணிப்பைகளில் கட்டித் தாமே விழுங்கிப் பார்த்தார். இரைப்பையில் கரைக்கும் நீர் ஒன்று உண்டு என்பது இவற்றால் தெரிந்தது. அந்நீர் எப்போது சுரக்கிறது, எது எவ்வளவு நேரத்தில் கரைகிறது என்பவற்றை உயிருள்ள மனிதனிடம் ஆண்டுக்கணக்கில் பார்த்து எழுதும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டவில்லை. அவ்வாய்ப்பு 1822-ல் ஒரு துப்பாக்கிக் குண்டினால் வந்தது.

துளை

அமெரிக்காவின் வடக்கு எல்லையில், ஹியூரன் ஏரியில் மெக்கினாக் என்றொரு தீவு. விலங்குத் தோல் வணிகம் செய்த அமெரிக்கன் ஃபர் கம்பெனியின் பண்டகசாலை அங்கே இருந்தது. காட்டிலிருந்து தோல்களைப் படகில் ஏற்றிக் கொண்டுவரும் தொழிலாளர்கள் அங்கே கூடுவர். அவர்களுள் ஒருவர் அலெக்சி செயின்ட் மார்ட்டின்; பிரெஞ்சு மொழி பேசும் கனடியர்; இருபதை ஒட்டிய அகவையினர்; எழுதப் படிக்க அறியாதவர். 1822 ஜூன் 6-ஆம் நாள் பண்டகசாலையில் ஒருவர் கையிலிருந்த துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. மிக அருகிலிருந்து பாய்ந்த சன்னங்கள் செயின்ட் மார்ட்டினின் இடப்பக்க விலாவைப் பிளந்தன. நுரையீரலின் ஒரு பகுதியும் இரைப்பையின் ஒரு பகுதியும் வெளியே பிதுங்கின. காலையில் உண்ட உணவு புண்ணின் வழியே வடிந்தது.

தீவின் கோட்டையில் படைமருத்துவராக இருந்தவர் வில்லியம் போமான்ட். கல்லூரிப் பட்டம் பெறாதவர். மூத்த மருத்துவர் ஒருவரிடம் தொழில் பழகி, 1812-ஆம் ஆண்டுப் போரில் காயம்பட்டோரிடையே கை தேர்ந்தவர். அடிபட்டவர் இரண்டு நாள் தாங்கமாட்டார் என்றே அவர் கருதினார். ஆயினும் விடாமல் மருத்துவம் பார்த்தார். செயின்ட் மார்ட்டின் பிழைத்துக்கொண்டார். புண் ஆறியது, துளை மட்டும் மூடவில்லை. இரைப்பையின் விளிம்பு விலாவின் தசையோடு ஒட்டி வளர்ந்து, வெளியிலிருந்து இரைப்பைக்குள் செல்லும் ஒரு வாயிலாக நிலைத்தது. நாளடைவில் இரைப்பையின் உட்படலம் மடிந்து துளைக்கு உள்ளே ஒரு திரைபோல் தொங்கியது. அதை விரலால் விலக்கினால் உள்ளே பார்க்கலாம்.

உழைக்க இயலாத அயலாரை ஊர்ச் செலவில் வைத்துக்கொள்ள அவ்வட்டார ஆட்சியினர் விரும்பவில்லை. அவரைப் பிறந்த ஊருக்கு அனுப்ப முற்பட்டனர். அந்நிலையில் அவர் அந்த நெடும்பயணத்தைத் தாங்கமாட்டார் என்று கண்ட போமான்ட் 1823-ல் அவரைத் தம் இல்லத்திலேயே சேர்த்துக்கொண்டார். உடல் தேறியதும் செயின்ட் மார்ட்டின் அங்கே விறகு பிளந்தார், சுமை சுமந்தார், ஏவிய வேலைகளைச் செய்தார். 1825-ல் மற்றொரு வேலையும் அதோடு சேர்ந்தது. பட்டுநூலில் மாட்டிறைச்சி, பன்றிக்கொழுப்பு, ரொட்டி, முட்டைக்கோசு ஆகியவற்றின் துண்டுகளைக் கட்டி, போமான்ட் அத்துளையின் வழியே இரைப்பைக்குள் இறக்கினார். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நூலை இழுத்து, கரைந்தது எது, கரையாதது எது என்று குறித்துக்கொண்டார். ரொட்டியும் கோசும் முதல் மணியிலேயே பாதி கரைந்திருந்தன. இறைச்சி இருந்தபடியே இருந்தது.

இரைப்பைநீரைக் குழாய் வழியே எடுத்துச் சிறு புட்டியில் ஊற்றி, அதில் இறைச்சியைப் போட்டு, உடற்சூட்டுக்கு ஒப்பாக ஏறத்தாழ 100 பாரன்ஹீட் வெப்பத்தில் வைத்துப் பார்த்தார். உடலுக்கு வெளியேயும் இறைச்சி கரைந்தது. சற்று மெதுவாகக் கரைந்தது என்பதே வேறுபாடு. பழைய வழக்குக்குத் தீர்ப்பு அந்தப் புட்டியில் இருந்தது. செரிமானத்தின் அடிப்படை ஒரு வேதிச்செயல். வயிறு பட்டினி கிடக்கும்போது அந்நீர் தேங்கி நிற்பதில்லை, உணவு வந்தபின்பே பெருகுகிறது என்பதும் தெரிந்தது. மிகுதியாக மது குடித்த நாள்களில் இரைப்பையின் உட்படலம் சிவந்து புண்பட்டிருந்ததையும், அதற்குரிய நோய்க்குறி எதையும் குடித்தவர் உணராதிருந்ததையும் போமான்ட் எழுதி வைத்தார்.

பெருமக்களே, பாவலர்கள் கருத வேண்டிய குறிப்பு ஒன்று அந்த ஏட்டில் உண்டு. செயின்ட் மார்ட்டின் சினம் கொண்ட வேளைகளில் செரிமானம் தடைப்பட்டது. வழக்கத்துக்கு மாறாகப் பித்தநீர் இரைப்பைக்குள் காணப்பட்டது. அவர் எதற்காகச் சினந்தார் என்பதில் ஆய்வு அக்கறை காட்டவில்லை. பணியாளர் ஒருவர், பட்டினியோடு படுக்கவைக்கப்பட்டு, தம் விலாவினுள் நூல் இறங்குவதையும் ஏறுவதையும் பார்த்துக் கிடக்கிறார். அவருடைய சினம் அந்த ஏட்டில் ஒரு வேதிநிகழ்ச்சியாகப் பதிவாயிற்று.

1825-ஆம் ஆண்டிலேயே அவர் சொல்லாமல் கனடாவுக்குப் போய்விட்டார். மணந்துகொண்டார், பிள்ளைகள் பிறந்தன, வறுமையும் வந்தது. 1829-ல் குடும்பத்தோடு மிசிசிப்பிக் கரையிலிருந்த போமான்டின் புதிய பணியிடத்துக்குத் திரும்பினார். 1831-ல் மனைவி மக்களை ஒரு திறந்த படகில் ஏற்றி, ஆறுகளையும் ஏரிகளையும் கடந்து மீண்டும் ஊர் திரும்பினார். விலாவில் துளையோடு அவ்வளவு தொலைவுக்குத் துடுப்புப் போட்டவரை நோயாளி என்று சொல்ல இயலாது. 1832-ல் ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. ஆண்டுக்கு 150 டாலர் ஊதியம். உணவும் உறைவிடமும் உண்டு. மாற்றாக அவர் தம் இரைப்பையை ஆய்வுகளுக்கு உட்படுத்த வேண்டும். கையெழுத்துக்குப் பதில் அவர் ஒரு குறியிட்டார். வயிற்றுப்பிழைப்பு என்னும் தமிழ்ச்சொல் அந்தத் தாளில் எழுத்துக்கு எழுத்து உண்மையாயிற்று.

1833-ல் போமான்டின் நூல் வெளிவந்தது. 200-க்கும் மேற்பட்ட ஆய்வுகளும் 51 முடிவுகளும் அதில் உள்ளன. இரைப்பைநீரில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டு என்று இங்கிலாந்தின் வில்லியம் பிரவுட் முன்பே கண்டிருந்தார். போமான்ட் அனுப்பிய நீரைச் சோதித்த பேராசிரியர்களும் அதையே உறுதிப்படுத்தினர். அமிலம் மட்டும் போதாது, வேறொரு பொருளும் உடன் இருக்கவேண்டும் என்ற ஊகம் எழுந்தது. 1836-ல் ஜெர்மானியரான தியோடர் ஷ்வான் அதைக் கண்டறிந்து பெப்சின் என்று பெயரிட்டார்.

போமான்டைக் கொடியவர் என்று தள்ளிவிடுவது நேர்மையாகாது. அவர் கை வைக்காவிட்டால் அந்த இளைஞர் அன்றே இறந்திருப்பார். ஆய்வுக்குத் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டவர் அவர். ஒப்பந்தமே இல்லாமல் ஏழைகளின் உடல்மேல் ஆய்வு நடந்த காலத்தில் ஓர் ஒப்பந்தம் எழுதியவரும் அவரே. எனினும் மறுத்தால் பட்டினி என்ற நிலையில் இருப்பவன் தரும் இசைவு எத்தகைய இசைவு என்ற கேள்வி மிஞ்சுகிறது. ஆய்வுக்கு உட்படுவோர் விரும்பும்போது விலகிக்கொள்ளலாம் என்ற நெறியை 1947-ல் நியூரம்பெர்க் தீர்ப்பு எழுதி வைக்கும் வரையில், அக்கேள்விக்கு உலகப் பொதுவான விடை எதுவும் இல்லை.

1834-ல் ஊர் திரும்பிய செயின்ட் மார்ட்டின் பிறகு போமான்டிடம் வரவே இல்லை. மடல்கள் போயின, பணம் தருவதாகச் சொல்லப்பட்டது. அவர் அசையவில்லை. 1853-ல் போமான்ட் இறந்தார்.

தன்னைத் தின்னாத பை

இரைப்பைநீர் இறைச்சியைக் கரைக்கும். இரைப்பையும் இறைச்சியே. அது ஏன் தன்னையே தின்றுவிடவில்லை? உட்படலத்தின்மேல் வழுவழுப்பான சளிப்படிவு ஒன்று பூசப்பட்டிருக்கிறது; அதனுள் அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட் உண்டு. பெப்சின் பிறக்கும்போதே கூர்மையோடு பிறப்பதில்லை. பெப்சினோஜன் என்னும் உறங்கும் வடிவில் சுரந்து, அமிலத்தைத் தொட்டபின்பே விழித்துக்கொள்கிறது. மேற்பரப்புச் செல்கள் சில நாள்களுக்கு ஒருமுறை புதிதாகின்றன. இத்தனை காவலும் பிழைக்கும் இடத்தில் புண் தோன்றுகிறது.

அப்புண்ணுக்குக் கவலையும் காரமுமே காரணம் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. ஆஸ்திரேலியாவின் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் அதை ஏற்கவில்லை. ஹெலிகோபேக்டர் பைலோரி என்னும் நுண்ணுயிர் அங்கே குடியிருப்பதை அவர்கள் காட்டினர். உலகம் நம்பத் தயங்கியது. 1984-ல் மார்ஷல் அந்நுண்ணுயிர் கலந்த நீரைத் தாமே குடித்தார். சில நாள்களில் அவருடைய இரைப்பை அழன்றது. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஓர் ஆய்வாளர் தம் வயிற்றைப் பணயம் வைத்தார். மற்றோர் ஆய்வாளர் தம் பணியாளரின் வயிற்றைப் பயன்படுத்தினார். இரண்டிலும் உண்மை வெளிப்பட்டது. விலை கொடுத்தவர்கள் வேறு.

போமான்டின் ஏட்டிலிருந்த சினத்துக்கும் இப்போது விளக்கம் உண்டு. அச்சமும் சினமும் வந்தால் பரிவு நரம்புகள் குருதியைக் குடலிலிருந்து கை கால் தசைகளுக்குத் திருப்புகின்றன. இரைப்பையின் அசைவு தளர்கிறது. செரிமானப் பாதையின் சுவரிலேயே பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்புச் செல்கள் ஒரு வலையாகப் பின்னிக் கிடக்கின்றன. மூளையின் ஆணைக்குக் காத்திராமலே குடலை நடத்தும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு. அச்சம் வயிற்றைக் கலக்குகிறது என்று சொன்ன பாமரன் உவமை சொல்லவில்லை. தான் உணர்ந்ததையே சொன்னான்.

குடல்

துளையின் வழியே போமான்ட் பார்த்தது பாதையில் ஒரு கட்டத்தை மட்டுமே. உணவின் பெரும்பகுதி உடலோடு சேர்வது அதற்கு அப்பால், சிறுகுடலில். அதன் நீளம் ஏறத்தாழ 6 மீட்டர். முதற்பகுதிக்கு மேலைநாட்டார் இட்ட பெயரின் பொருள் ‘பன்னிரண்டு விரல்’. விரல்களை அடுக்கி அளந்த அளவு அது. புளித்த கூழ் அங்கே இறங்கியதும் கணையம் காரநீரையும் நொதிகளையும் அனுப்புகிறது. ஒன்றரைக் கிலோ எடையுள்ள கல்லீரல் சுரந்து, பித்தப்பை சேமித்த பித்தநீர் கொழுப்பைச் சிறு துளிகளாகச் சிதைக்கிறது. கூழ் வந்த செய்தியைக் கணையத்துக்குச் சொல்வது யார்? நரம்புகளே என்று கருதப்பட்டது. 1902-ல் இலண்டனில் பெய்லிசும் ஸ்டார்லிங்கும் குடற்சுவரிலிருந்து குருதியில் கலக்கும் செக்ரெட்டின் என்னும் பொருளைக் கண்டனர். ஹார்மோன் என்ற சொல்லே அதன்பின் 1905-ல் வழக்குக்கு வந்தது.

சிறுகுடலின் உட்புறம் முழுவதும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் உயரமுள்ள குடலுறிஞ்சிகள் பட்டுத்துணியின் இழைபோல் அடர்ந்திருக்கின்றன. இவற்றை விரித்துப் பரப்பினால் ஒரு டென்னிஸ் ஆடுகளத்தை மூடும் என்று பாடநூல்கள் எழுதிவந்தன. 2014-ல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் இருவர் மீண்டும் அளந்து, செரிமானப் பாதை முழுவதற்கும் ஏறத்தாழ 32 சதுர மீட்டர்தான் என்றனர். பாதிப் பூப்பந்து ஆடுகளத்தின் அளவு அது. அழகிய உவமை ஒன்று கைமாறிக் கைமாறி அளவையே மறக்கச் செய்ததற்கு அறிவியலும் விலக்கன்று.

அரிசியின் மாவு குளுக்கோசாகவும், பருப்பின் புரதம் அமினோ அமிலங்களாகவும் உடைந்து, அவ்வுறிஞ்சிகளின் வழியே குருதியில் சேர்கின்றன. அக்குருதி நேரே இதயத்துக்குப் போவதில்லை. முதலில் கல்லீரலுக்குப் போய்த் தணிக்கை பெற்றே செல்கிறது. கொழுப்பின் பெரும்பகுதி மட்டும் நிணநீர்க் குழல்களின் வழியே சுற்றிப் போகிறது. எஞ்சியது ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடலை அடைகிறது. அங்கே நுண்ணுயிர்கள் காத்திருக்கின்றன. ஒரு மனிதனின் உடலில் வாழும் நுண்ணுயிர்கள் ஏறத்தாழ 38 லட்சம் கோடி என்று 2016-ல் கணக்கிட்டனர். அவற்றுள் மிகப்பெரும்பான்மை பெருங்குடலில் வாழ்வன. மனிதனால் செரிக்க இயலாத நாரை அவை செரித்துத் தமக்கும் அவனுக்கும் உணவாக்குகின்றன.

நாளொன்றுக்குக் குடிப்பதும் சுரப்பதுமாக ஏறத்தாழ 9 லிட்டர் நீர் குடலுக்குள் இறங்குகிறது. கழிவோடு வெளியேறுவது 100 முதல் 200 மில்லி லிட்டர். மற்றதைக் குடல் திரும்பப் பெற்றுவிடுகிறது. வாந்திபேதி இக்கணக்கைக் குலைத்துவிடும்போது மனிதன் சில மணி நேரத்தில் வற்றிச் சாகிறான். சோடியம் உப்பும் குளுக்கோசும் சேர்ந்து வந்தால் குடற்சுவர் இரண்டையும் ஒன்றாக உள்ளிழுத்து, நீரையும் உடன் இழுத்துக்கொள்ளும் என்பதை ஆய்வுகள் கண்டன. 1971-ல் வங்கப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் நீர் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைக் கலன்களில் நிரப்பி, உறவினர் கையாலேயே நோயாளிகளுக்குக் கொடுக்கச் செய்தார். 30 விழுக்காட்டளவில் இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. ஏழையின் வயிற்றிலிருந்து பெற்ற அறிவு ஏழையின் வயிற்றுக்கே திரும்பி வந்த இடங்களுள் இது ஒன்று.

பசியும் பெயரும்

இறுதியாகப் பசி. வெறும் இரைப்பை சுருங்கும்போது வயிற்றைக் கிள்ளுவது போன்ற வலி எழுகிறது என்பதை 1912-ல் கேனன் என்பவரும் வாஷ்பர்ன் என்பவரும் காட்டினர். ஊதற்பை ஒன்றை வாஷ்பர்ன் தாமே விழுங்கிச் சோதித்தார். 1999-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்ட கிரெலின் என்னும் ஹார்மோன், வெறும் வயிற்றிலிருந்து புறப்பட்டு மூளையிடம் உணவு கேட்கிறது. தமிழுக்குப் பசி புதிய பொருள் அன்று. மணிமேகலைக் காப்பியத்தில் காயசண்டிகை யானைத்தீ என்னும் தீராப் பசியால் துன்புறுகிறாள். ஔவையார் பெயரால் வழங்கும் நல்வழியில் வயிற்றோடு வழக்காடும் பாட்டு உண்டு. திருக்குறளின் மருந்து அதிகாரம் பெரும்பகுதியும் செரிமானத்தையே பேசுகிறது. உடலின் உள்ளறை கண்ணுக்குத் தெரியாத காலத்தில் அதைச் சொல்லில் பிடிக்க முயன்றவர்கள் புலவர்களே.

செயின்ட் மார்ட்டினின் பிற்காலம் வறுமையில் கழிந்தது. 1856-ல் அவருடைய துளையைக் காட்சிப்பொருளாக்கி ஊர் ஊராகக் கூட்டிச் சென்றவரும் உண்டு. 1880 ஜூன் 24-ஆம் நாள் கியூபெக் மாநிலத்தில் அவர் இறந்தார். மாண்ட்ரியாலில் இருந்த வில்லியம் ஓஸ்லர் என்னும் புகழ்பெற்ற மருத்துவர், உடலை ஆய்வு செய்யவும் இரைப்பையை வாஷிங்டனில் உள்ள படைமருத்துவ அருங்காட்சியகத்துக்கு அனுப்பவும் விரும்பினார். குடும்பத்தார் இசையவில்லை. கோடை வெயிலில் உடல் அழுகி, எந்த மருத்துவருக்கும் பயன்படாது என்றாகும் வரையில் வீட்டிலேயே வைத்திருந்தனர். பிறகு எட்டடி ஆழத்தில் புதைத்தனர்.

அந்த எட்டடி ஆழம் ஒரு விடை. படிப்பறியாத குடும்பம் அது. கட்டுரை எழுதி மறுத்துரைக்கத் தெரியாது. இரைப்பை ஒன்று உலகுக்குத் தேவையாக இருக்கலாம். இங்கே கிடப்பது ஒரு மனிதர், எங்கள் தந்தை என்று அவர்கள் மண்ணால் சொன்னார்கள். போமான்டின் நூற்பெயரில் இரைப்பைநீர் உண்டு, செரிமானம் உண்டு, வயிற்றுக்கு உரியவர் பெயர் இல்லை. உள்ளே பக்கம்தோறும் அவர் படுத்துக் கிடக்கிறார். 1962-ல்தான் கனடிய உடலியங்கியலார் கழகம் அவர் அடக்கமான ஊரில் அவருக்கு ஒரு நினைவுப் பலகை வைத்தது.

பாவலர் பெருமக்களே, உடலைப் பாடும்போது மருத்துவ நூலின் கலைச்சொற்களை அஞ்சாமல் எடுத்துக்கொள்ளுங்கள். கணையமும் குடலுறிஞ்சியும் கவிதைக்கு ஆகாத சொற்கள் அல்ல. அவற்றை எடுத்தாளும்போது ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். இரைப்பையைப் பிரித்துப் பார்த்த அறிவு மானிடத்துக்கு நன்மை செய்தது. பிரித்ததைத் திரும்பச் சேர்த்து, இது இன்னாருடைய வயிறு, இவர் பட்டினி இத்தகையது, இவர் சினத்துக்குக் காரணம் இது என்று சொல்லும் பொறுப்பு அந்நூலுக்கு இல்லை. வயிறு என்ற ஒரு சொல்லில் உறுப்பையும் ஆளையும் பிழைப்பையும் பிரியாமல் வைத்திருக்கும் மொழியில் எழுதுவோருக்கு அப்பொறுப்பு உண்டு. இவ்வட்டத்தின் அடுத்த பத்தாண்டுப் பாடல்களில் அந்த வயிறுகள் தத்தம் பெயரோடு வரட்டும்.